இனியொரு அவசரம்

மாயா ஜனங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். மத்திய அமெரிக்காவின் மலைகளில் இன்றைக்கும் இருக்கிறார்களாம். அங்கே ஒருவருக்கு முடிவெடுக்க முடியாத காரியம் வந்தால் நாள் பார்க்கிறவரிடம் போவார்கள். அவர் ஒரு பையிலிருந்து சிவப்பு விதைகளைக் கொட்டிக் கலைத்து, ஒரு பிடி அள்ளி, நாலு நாலாகப் பிரித்து வைப்பார். அவர்களுடைய நாட்கணக்குக்கு இருநூற்று அறுபது நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். விதைகளின் மேல் நாட்களை எண்ணிக்கொண்டே போய், எந்த நாளில் வந்து நிற்கிறதோ அதை வைத்துப் பதில் சொல்வார். எண்ணும்போது தன் உடம்பில் எந்த இடத்தில் ரத்தம் துடிக்கிறது என்றும் கவனிப்பாராம். இது மக்கள் முடிவெடுக்க எவ்வளவு உதவுகிறது என்று கட்டுரைக்காரர் உருகி உருகி எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. மாயாக்காரர்கள் மேல் இல்லை, அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த 'உதவுகிறது' என்ற வார்த்தை மேல்தான் கோபம். நாலு பக்கத்தையும் நான் படித்தது ஒற்றைக் கண்ணால். இன்னொரு கண் பன்னிரண்டு வயதில் அப்படியொரு உதவியில்தான் போயிற்று.

அந்தச் சிவப்பு விதை நம் முள்முருங்கைக்குச் சொந்தக்கார மரம் ஒன்றின் விதையாம். மலையாளத்தில் முரிக்கு என்பார்கள். கிழக்கு மலைகளில் மிளகுக் கொடியை அதன் மேல்தான் ஏற்றிவிடுவார்கள். மிளகால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எனவே எங்கோ நடக்கிற கதை என்று பக்கத்தைத் திருப்பவும் முடியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுப் பாண்டிகசாலையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கிட்டங்கி என்பதைத்தான் அங்கே பாண்டிகசாலை என்பார்கள். எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அங்கே பாண்டி என்று பெயர். அது மரியாதையான பெயர் இல்லை. 'பாண்டிகசாலையிலெ பாண்டி' என்று படகுத்துறையில் அப்பாவைக் கேலி செய்வார்கள். அப்பா மலையாளத்திலேயே ஒன்று திருப்பிக் கொடுப்பார், கேலி செய்தவனே சிரித்துவிடுவான்.

கல்யாணத்துக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். மூட்டை தூக்குகிறவர்களிடமும் வண்டிக்காரர்களிடமும் நாள் முழுக்க மலையாளம். தூக்கத்தில் உளறினாலும் மலையாளத்தில்தான் உளறுவார். "கனவுல கூட என்னைய நெனைக்கல பாரு, மலையாளத்துக்காரி எவளையோ நெனைக்காவ" என்று அம்மா பழிப்பாள். அம்மாவுக்கு மீன்காரியிடம் பேசுகிற அளவுக்கு மேல் அந்தப் பாஷை வரவில்லை. நான் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டையும் இரண்டு பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு விளக்கைப் பார்த்தால் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கண்ணுக்கு மேலே மண்டையிடி வர ஆரம்பித்தது. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள் அம்மா. மட்டாஞ்சேரியில் சுக்குக்கா பஞ்சம், தெருவெல்லாம் அந்த நெடிதான். பற்றுக் காய்ந்து உதிர்ந்ததே தவிர வலி போகவில்லை. ஆறாம் வகுப்பு டீச்சர்தான் நான் தலையைச் சாய்த்துப் படிப்பதைக் கண்டு, கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்பினார்.

எர்ணாகுளத்துக்குப் படகில் போனோம், அப்பா, அம்மா, நான். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். விரலால் இமை மேல் அமுக்கிப் பார்த்தார். கண்ணுக்குள்ளே நீர் கட்டிக்கொண்டு அழுத்துகிறது, சின்ன அறுவை செய்து வழி உண்டாக்கிவிட்டால் இருக்கிற பார்வை நிற்கும், போனது திரும்பாது என்றார். "ஒரு மாசத்தினுள்ளில் செய்யணம். வைகியால் பின்னெ ஒந்நும் செய்யான் பற்றில்லா." தாமதித்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எனக்கே புரிந்தது. அம்மாவுக்காக அப்பா அதைத் தமிழில் சொன்னார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"செஞ்சிருவோம்" என்றாள் அம்மா, அந்த இடத்திலேயே.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பி வந்து மட்டாஞ்சேரித் துறையில் இறங்கும்போதுதான், "அண்ணாச்சிக்கு எழுதிக் கேப்போம்" என்றார்.

அண்ணாச்சி என்றால் என் பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர். ஊரில் இருந்தார். எங்கள் வீட்டில் மாடு வாங்கினாலும் பெண் எடுத்தாலும் அவர் வாயிலிருந்துதான் முடிவு வரும். மட்டாஞ்சேரியில் என்ன மாடு, என்ன வயல்? ஆனாலும் கடிதம் போகும், பதில் வரும், அப்பா அதன்படி செய்வார். இந்தத் தடவை பதிலுக்குப் பதில் பெரியப்பாவே செங்கோட்டை வழியாக ரயிலும் பஸ்ஸுமாக வந்து இறங்கிவிட்டார். கடிதம் போய் அவர் வருவதற்குள் ஒரு மாதத்தில் பத்து நாள் தீர்ந்திருந்தது.

பெரியப்பாவுக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. "மலையாளம் என்ன பெரிய மலையாளம். நம்ம தமிழ மூக்கால பேசுனா மலையாளம்" என்பார். வந்த மறுநாள் சாயாக் கடையில் பையன் "வெள்ளம் வேணோ" என்று கேட்டிருக்கிறான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். இவர் காயல் பெருகித் தெருவுக்கு வந்துவிட்டது என்று பயந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், "தண்ணிய வெள்ளம்ங்கான், வெளங்காத பயலுவ" என்று அவர்களைத்தான் திட்டினார். அன்றைக்கு அதற்காக விழுந்து விழுந்து சிரித்த என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

என் கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானலே இருக்கு. செவப்பா, பூ விழுந்துருக்கா, ஒண்ணுமில்ல. பொட்டப்பிள்ள மொகத்துல கத்தி வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

அம்மா அவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவிடம் சொல்வது போல, ஆனால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள். "கண்ணு போனா மட்டும் கட்டுவானான்னு கேளுங்க."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, பெரியப்பா நாற்காலியிலிருந்து, அப்பா நடுவில் தலையைக் குனிந்துகொண்டு. மூன்றாம் நாள் பெரியப்பாவே வழி கண்டுபிடித்தார். நாம் ஏன் முடிவு செய்ய வேண்டும், பிரசன்னம் பார்ப்போம், வருவது வரட்டும் என்றார். அப்பா முகத்தில் அன்றுதான் உயிர் வந்தது. தோப்பும்படிக்கு அப்பால் ஜோசியம் சொல்கிற கணியார் ஒருவர் சோழி வைத்துப் பார்ப்பதில் பேர்பெற்றவர் என்று பாண்டிகசாலையில் விசாரித்து வந்தார்.

அம்மா எனக்குத் தலை சீவி, பச்சைப் பாவாடை கட்டி நிறுத்தினாள். கண் என்னுடையது, கேள்வி என்னைப் பற்றியது, நானும் போவேன் என்றுதான் நினைத்தேன். "இவ எதுக்கு? பெரியவங்க போயி கேட்டுட்டு வாரோம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பச்சைப் பாவாடையோடு வாசலில் நின்றேன்.

உச்சிவேளைக்குத் திரும்பி வந்தார்கள். பெரியப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"சமயம் நல்லா இருக்காம். இனி ஒரு அவசரமும் இல்லைன்னு சொல்லிட்டாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "அந்த டாக்டரு ஒரு மாசம்னு சொன்னாவளே?"

"டாக்டரு ஆயிரம் சொல்லுவான். நூத்தியெட்டு சோழி பொய் சொல்லுமா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசல்படியில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். "நீங்களுந்தான கூட இருந்திய? அப்படியா சொன்னாவ?"

"அண்ணாச்சிதான் சொல்லுதாரே" என்றார் அப்பா. குடையை ஆணியில் மாட்டினார். அது சரியாக மாட்டவில்லை, விழுந்தது, மறுபடி எடுத்து மாட்டினார்.

எனக்கு அன்றைக்கு ஆனந்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. பச்சைப் பாவாடையோடு விளையாடப் போய்விட்டேன். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குச் சந்தோஷப்பட உரிமை உண்டு. அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எண்பது வயது இருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரில் தேதி கிழிக்கிற நாட்காட்டி ஒன்று தொங்கியது. பெரிய சிவப்பு எழுத்தில் தேதி இருக்கும். காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அதைப் படிப்பேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. முதலில் பாயிலிருந்தே தெரிந்தது. பிறகு எழுந்து நின்றால் தெரிந்தது. மழைக்காலம் பிடித்தபோது சுவருக்குப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. அவசரம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. மாயாக்காரர்கள் விதை வைத்து நாள் எண்ணுகிறார்களாம். நானும் எண்ணினேன். ஒருநாள் காலையில் நாட்காட்டிக்கு முன்னால் மூக்கு உரச நின்றேன். காகிதம் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் நிறம்தான் இருந்தது.

அம்மா அழுத அழுகையில் அப்பா மறுபேச்சில்லாமல் படகேறினார். அதே டாக்டர்தான். வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "எந்தே இத்ர நாள் வராஞ்ஞது?" என்றார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை. அவர் கத்துவார் என்று நான் பயந்தேன். அம்மாதான் தன் தமிழில் சொன்னாள். "அவசரம் இல்லைன்னு சொல்லிட்டாங்கய்யா."

டாக்டர் கோபப்படவில்லை. அம்மாவைப் பார்த்த பார்வையில் அப்படியொரு இரக்கம். "சாரமில்லா அம்மே" என்று என் தலையைத் தடவினார். பரவாயில்லை அம்மா என்றார். இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலது கண்ணுக்காவது சொட்டு மருந்து விடாமல் போடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் ஏன் எங்களைத் திட்டவில்லை என்று வெகுநாள் எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பாவுக்குக் கடிதம் போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு கண் இருக்கிறதே என்று பதில் எழுதினார். பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரி ஆஸ்பத்திரி போய் வந்ததைக் கேட்டுவிட்டு, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றாள், என்னை வைத்துக்கொண்டே. பழமொழி கண்டுபிடித்தவன் எவனோ அவன் கையில் கிடைத்தால் அன்றைக்குத் தொலைத்திருப்பேன்.

அடுத்த பன்னிரண்டு வருஷமும் நான் அந்தக் கணியாரைத்தான் வெறுத்தேன். நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் மனசுக்குள் அவருடைய சோழிகளை அள்ளிக்கொண்டு போய் எத்தனையோ தடவை காயலில் கொட்டியிருக்கிறேன். அவரையும் கூடவே தள்ளியிருக்கிறேன். பல்லாங்குழி ஆடக்கூட சோழியைத் தொட மாட்டேன். ஒரு பெண்ணின் கண்ணைப் பற்றி அவசரம் இல்லை என்று சொன்ன மனுஷனுக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று யோசிப்பேன்.

இதற்கிடையில் படித்தேன். ஒற்றைக் கண்ணால் படித்தும் தேறினேன். மட்டாஞ்சேரியிலேயே சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஆனேன். பாண்டிச்சி மலையாளம் சொல்லித்தருவதா என்று இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள். கேட்டவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினேன்.

அறுபதுகளின் பின்பாதியில் ஒரு மதியம், ஒரு கிழவர் பேத்தியை அழைத்துப்போக வந்தார். வெற்றிலைக் கறை, தோளில் மடித்த துண்டு. பிள்ளையின் கையைப் பிடித்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். என் இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கும், பார்த்தால் தெரியும். நான் எங்கிருந்து வந்தவள், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்போ ஆ கண்ணு போயி, அல்லே" என்றார். அப்படியானால் அந்தக் கண் போய்விட்டது, இல்லையா என்று. பிறகு தன்னை யாரென்று சொன்னார்.

என் கையில் சாக்குக்கட்டி இருந்தது, ஒடிந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே என்னைக் கோபித்துக்கொண்டார்.

"ஞான் அந்நே பறஞ்ஞதல்லே, அவர் ரண்டு பேரோடும்? சமயம் நல்லதாணு, இனியொரு அவசரமில்லா எந்நு. குட்டியெ எந்தே கொண்டு வராஞ்ஞது எந்நும் சோதிச்சு."

பெண்ணை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டாராம். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அரைகுறையாகத்தான் கேட்டேன். அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே என் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகக் கவிழ்ந்துவிட்டன.

தமிழில் அவசரம் என்றால் அவசரம். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இதை நான் தினமும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டு வார்த்தையும் பள்ளிக்கூட வார்த்தையும் என் மண்டைக்குள் அதுவரை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கணியார் சொன்னது, இப்போது நேரம் நல்லது, இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை என்று. போய்ச் செய்யுங்கள் என்றுதான் அந்த மனுஷர் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதையேதான் சோழியும் சொல்லியிருக்கிறது. பெரியப்பா தன் மூக்கால் பேசுகிற தமிழில் அதைக் கேட்டுக்கொண்டு வந்து, இனி ஒரு அவசரமும் இல்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

டாக்டர் ஏன் திட்டவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவசரம் இல்லை என்று அம்மா சொன்னதை, வர வாய்ப்பே கிடைக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பாவம், ஏழைகள், வழியில்லை போலிருக்கிறது என்று இரங்கியிருக்கிறார். ஒரே வார்த்தை போகும்போது ஒரு கண்ணை எடுத்தது, வரும்போது இரக்கத்தை வாங்கித் தந்தது.

கிழவரை உட்காரச் சொன்னேன். என் ஆத்திரத்துக்கு இப்போது ஆள் மாறிவிட்டது. சோழியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். சோழி பாதிதான் டீச்சரே, மீதி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்றார். வலி எப்போது வரும், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டாராம். இதே மாதிரி பார்வை போன ஒருவனை அவருக்குத் தெரியுமாம். பெண்ணைக் கூட்டிவந்திருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன் என்றார். அந்த மாயாக் கட்டுரையிலும் இப்படித்தான் இருக்கிறது. யாருக்குக் காரியமோ அவர் எதிரே உட்கார்ந்திருப்பார், விதை எண்ணுகிறவர் திரும்பத் திரும்பக் கேட்பார், கேட்கக் கேட்க அவருக்கே தன் மனசு தெளியும் என்று. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. எதிரே உட்கார வேண்டியவளைப் பச்சைப் பாவாடையோடு வாசலில் நிறுத்திவிட்டுப் போனால் எந்த விதைதான் என்ன செய்யும்.

பெரியப்பாவுக்கு அன்றே ஒரு கார்டு எழுதினேன். 'மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு' என்று ஒரே வரி. கீழே என் பெயர். பத்து நாளில் பதில் வந்தது. இங்கு எல்லோரும் நலம், அங்கு நலமறிய ஆவல், இந்த வருஷம் மழை இல்லை என்று எழுதியிருந்தார். புரிந்துதான் எழுதினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை. பாவம், அண்ணன் பேச்சை மீறாத மனுஷர், அவர் என்ன செய்வார் என்று விட்டுவிட்டேன். கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பியாயிற்று என்ற திருப்தி வேறு. ரண்டு பேரோடும், அதாவது இரண்டு பேரிடமும் என்று கிழவர் சொன்னது காதில் விழுந்தும் உள்ளே இறங்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்குத் தராசு முள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பாண்டிகசாலையில் அவரைச் சாக்கு தைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். நான் விடுமுறை போட்டு, அதே துறையில் படகேறி, எர்ணாகுளத்துக்கு அழைத்துப்போனேன். பழைய டாக்டர் இல்லை, இளம் வயது டாக்டர் ஒருவர் இருந்தார்.

"உறக்கமுண்டோ?" என்று கேட்டார்.

"சுகமாயிட்டு உறங்ஙும் சாறே" என்றார் அப்பா.

சர்க்கரை உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறாரா, எத்தனை நாளாக மங்கல் என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். அப்பா பட்டுப் பட்டென்று பதில் சொன்னார். தராசு முள்ளைப் பற்றி ஏதோ வேடிக்கை சொல்லி அந்த டாக்டரையும் சிரிக்க வைத்தார். பிறகு டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"திமிரமாணு. ரண்டு கண்ணும் ஓபரேஷன் செய்யணம். ஆத்யம் வலத்து."

திமிரம் என்றால் கண்புரை. முதலில் வலது கண். ஒளிவுமறைவில்லாத மலையாளம், குழந்தைக்கும் புரியும்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுதாரு?" என்று தமிழில் கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். சாயாக் கடையில், படகுத்துறையில், தூக்கத்தில்கூட மலையாளம் பேசுகிற மனுஷர். இத்தனை நேரம் டாக்டரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். கத்தி என்ற பேச்சு வந்ததும் அவருக்கு மலையாளம் மறந்துவிட்டது. அவர் எனக்குக் குடையோடு வாசல்படியில் நிற்பதாகத் தெரிந்தார். மாட்டிய குடை விழுந்து, மறுபடி எடுத்து மாட்டினாரே, அந்தக் கை தெரிந்தது. ரண்டு பேரோடும் என்று கிழவர் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது. பெரியப்பாவுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். சோழிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டபோதே தெரியும். வழி நெடுகத் தெரியும். அம்மா கேட்டபோதும் தெரியும்.

எனக்கு அப்படியொரு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"அவசரம் இல்லைன்னு சொல்லுதாருப்பா."

அப்பா வழக்கமாக என்னோடு பேசும்போது என் வலது கண்ணைத்தான் பார்ப்பார். அன்றைக்கு இடது கண்ணைப் பார்த்தார். மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி நல்ல மலையாளத்தில் சொன்னார்.

"நாளெத்தன்னெ வராம் சாறே. வைகிக்கண்டா."

நாளைக்கே வந்துவிடுகிறேன், தாமதிக்க வேண்டாம் என்றார். அண்ணாச்சிக்கு எழுதிக் கேட்கவில்லை. சோழியும் வேண்டியிருக்கவில்லை.

படகில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். பாதிக் காயல் தாண்டியதும் கேட்டேன். "அன்னைக்கு அவரு சொன்னது ஒங்களுக்குப் புரிஞ்சுதுல்லா?"

"புரிஞ்சுது."

"பின்ன ஏன் சொல்லல?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "கத்தின்னாலே எனக்குப் பயம்ட்டி. ஒனக்கு ஏதாவது ஆயிட்டா நாந்தான செய்யச் சொன்னேன்னு ஆயிரும். அண்ணாச்சி அப்படிச் சொன்னதும், அப்படியே இருந்துட்டுப் போட்டும்னு இருந்துட்டேன்."

கட்டுரைக்காரர் எழுதியது ஒருவகையில் சரிதான். அந்தச் சோழிகள் ஒருவருக்கு உதவத்தான் செய்தன.

அப்பாவுக்கு வலது கண்ணும் பிறகு இடது கண்ணும் நல்லபடியாக ஆயிற்று. தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்ட அன்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. எதையாவது படியுங்கள் என்று நர்ஸ் சொன்னதும், அப்பா கட்டிலில் இருந்தபடியே அந்தத் தேதியைப் படித்தார். முதலில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை, பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை. இரண்டு தடவையும் சரியாகச் சொன்னார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று, என் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.